மேடு ஏறினால் எல்லாருக்கும்தான் மூச்சு வாங்கும் என்றார்கள்

கோத்தகிரியில் நின்றுகொண்டு "மூச்சு வாங்குது" என்று சொன்னால் ஒருவரும் தலையைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். சுமார் 6,000 அடி உயரம். கடைக்குப் போனாலும் மேடு, வீட்டுக்கு வந்தாலும் படி. "மேடு ஏறினா எல்லாருக்கும்தான் வாங்கும்" என்பதுதான் இங்கே எல்லாரும் சொல்லும் பதில். எனக்கு இப்போது 44 வயது. பஜாரை ஒட்டிச் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். பிளவுஸ், சுடிதார், பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில் யூனிஃபார்ம். கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா இருவரும் போய்விட்டார்கள், அண்ணன் குடும்பம் திருப்பூரில். போன வருடம் கோயம்புத்தூரில் என் நெஞ்சைத் திறந்து, பிறக்கும்போதே கோளாறாக இருந்த ஒரு வால்வை எடுத்துவிட்டு வேறு வால்வு வைத்தார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் அது எனக்குள்ளே இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்த நாட்களில், இப்படிப் பட்டவர்கள் யாராவது தமிழில் எழுதியிருக்கிறார்களா என்று இரவெல்லாம் போனில் தேடினேன். மாரடைப்பு வந்தது, கொழுப்பு வந்தது, பூண்டுப் பால் வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தெரிந்தது ராம்சந்த் ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு ஏறும் வழியில். துணி மூட்டையோடு ஒரே மூச்சில் ஏறிப் பழகியவள், பாதியில் நிற்க ஆரம்பித்தேன். நிற்பது யாருக்கும் தெரியக்கூடாது என்று போனை எடுத்துப் பார்ப்பது போல நிற்பேன். அந்த நேரம் பக்கத்து வீட்டுப் பெரியம்மா, எழுபதைத் தாண்டியவர், விறகுக் கட்டோடு என்னைக் கடந்து போவார். "என்ன பொண்ணு, போனையே பாத்துட்டு நிக்கிற" என்பார். பிறகு நடு நெஞ்சில் ஒரு இறுக்கம் சேர்ந்துகொண்டது. ஏறும்போது வரும், நின்றால் போய்விடும். சில நாள் கண் முன்னால் வெளிச்சம் குறைந்து, காது அடைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டிவரும். ஒரு தீபாவளிக்குத் திருப்பூர் போயிருந்தபோது அண்ணன் வீட்டு இரண்டாவது மாடிக்கு ஏறுவதற்குள் அதே இறுக்கம், அதே காதடைப்பு. திருப்பூரில் என்ன மலை இருக்கிறது? மலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்களுக்கு மூச்சு வாங்குவதை மேட்டோடு ஒப்பிடாதீர்கள், போன வருடத்து உங்களோடு ஒப்பிடுங்கள். அதே மேட்டில் போன வருடம் நிற்காமல் ஏறினீர்களா என்று பாருங்கள். கீழே சமவெளிக்குப் போனபோது மாடிப்படியில் எப்படி இருந்தது என்றும் கவனியுங்கள். ஏறும்போது நெஞ்சு இறுகி, நின்றதும் விட்டுவிடுகிறது என்றால் அது கேஸ் இல்லை. கேஸுக்கு மேடு பள்ளம் தெரியாது.

ஆனால் எனக்கு முதலில் வைத்தியம் நடந்தது கேஸுக்குத்தான். வெறும் வயிற்றில் போட ஒரு மாத்திரை, சாப்பிட்ட பின் குடிக்க ஒரு சிரப். அது கேட்காமல் போனதும் வேறு ஒரு கிளினிக்கில் ரத்தம் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 10 சொச்சம். "ரத்தம் இல்லம்மா, அதான்." பெண் என்றால் இந்த ஒரு வரியில் எல்லாமே முடிந்துவிடும். இரும்புச் சத்து மாத்திரை மாதக் கணக்கில் சாப்பிட்டேன். ஹீமோகுளோபின் 12-க்கு வந்தது, மூச்சு வாங்குவது மட்டும் அப்படியே இருந்தது. ஈசிஜி எடுத்தார்கள், பெரிதாக ஒன்றும் இல்லை என்றார்கள். ஈசிஜி நார்மல் என்ற அந்தத் தாளை நான் ஒரு சான்றிதழ் போல பீரோவில் வைத்திருந்தேன். ஈசிஜி காட்டுவது இதயத்தில் ஓடும் மின்சாரத்தை. வால்வு சரியாகத் திறக்கிறதா, மூடுகிறதா என்பதை அது நேரடியாகக் காட்டாது. அதைப் பார்க்க எக்கோ வேண்டும். கர்ப்பிணிக்கு வயிற்றில் எடுக்கும் ஸ்கேன் மாதிரியேதான், நெஞ்சில் ஜெல் தடவி எடுப்பார்கள். வலி கிடையாது, ஊசி கிடையாது, அரை மணி நேர வேலை. தனியாரில் ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் ஆகும். அரசு ஆஸ்பத்திரியில் கார்டியாலஜி இருக்கும் இடத்தில் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம்.

அதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும், அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. கீழே ஒரு பரிசோதனை மையத்தில் முழு உடல் பரிசோதனைக்குச் சலுகை விலை என்று கடை வாடிக்கையாளர் ஒருவர் சொல்லிப் போனேன். பட்டியலில் "எக்கோ அல்லது டிஎம்டி, ஏதாவது ஒன்று" என்று போட்டிருந்தது. கவுண்டரில் இருந்த பெண் எக்கோ டாக்டர் அன்றைக்கு வரவில்லை என்று டிஎம்டிக்கு எழுதிவிட்டார். டிஎம்டி என்பது ஓடும் பெல்ட்டில் நடக்கவிட்டு ஈசிஜி எடுப்பது. ஏற்றுவதற்கு முன் ஒரு டாக்டர்கூட என் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்கவில்லை. பெல்ட் இரண்டாவது கட்டத்துக்கு வேகம் கூடும்போதே எனக்குக் கண் இருட்டிவிட்டது. பிடித்துக்கொண்டிருந்த கம்பி கையிலிருந்து நழுவியது மட்டும் நினைவிருக்கிறது. உட்கார வைத்து, குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து, "காலைல சாப்பிடாம வந்ததால" என்று சொல்லி அனுப்பினார்கள். ரிப்போர்ட்டில் "முடிவு தெளிவில்லை" என்று இருந்தது. வால்வு கடுமையாகச் சுருங்கி, அறிகுறியும் இருப்பவரை அந்த பெல்ட்டில் ஏற்றவே கூடாது என்பது இதய டாக்டர்களுக்கு அரிச்சுவடி என்று பின்னால் தெரிந்துகொண்டேன். மூச்சிரைப்பும் மயக்கமும் இருப்பவர்கள் முதலில் ஒரு டாக்டரை நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். அடுத்து எக்கோ. டிஎம்டி வேண்டுமா என்பதை அதன் பிறகு அவர் சொல்லட்டும். இன்னொன்று, நெஞ்சு இறுகுகிறது என்றதும் நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லி மருந்துக் கடையிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு மாத்திரை தருவார்கள். இந்த வால்வு நோயில் அது பிரஷரைத் தடாலென்று இறக்கிவிடும். யாருக்கோ எழுதிக் கொடுத்த மாத்திரையை நாம் வாயில் போட வேண்டியதில்லை.

கண்டுபிடித்தது கடைசியில் எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதிதாக வந்திருந்த ஒரு டாக்டர் பெண். இரும்பு மாத்திரை வாங்கப் போன என்னை, கூட்டத்தோடு கூட்டமாக அனுப்பிவிடாமல் உட்கார வைத்தார். ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னார். மலையில் இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். குளிருக்கு இரண்டு மூன்று துணி போட்டிருப்போம், அவசரத்தில் அதற்கு மேலேயே குழாயை வைத்துவிட்டு எடுத்துவிடுவார்கள். இவர் நெஞ்சின் வலது பக்கம் மேலே வைத்தார், இடது பக்கம் வைத்தார், பிறகு கழுத்தில் வைத்து மூச்சை நிறுத்தச் சொன்னார். "அக்கா, உங்களுக்கு இதயத்துல ஒரு சத்தம் இருக்குன்னு இதுக்கு முன்னாடி யாராவது சொல்லியிருக்காங்களா?" என்று கேட்டார். பதில் வரவில்லை, அழுகைதான் வந்தது. ஏனென்றால் சொல்லியிருக்கிறார்கள்.

எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்கு வந்த டாக்டர் ஒருவர் சத்தம் இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அப்பா அதைப் படித்துவிட்டு அம்மாவிடம், "வெளிய மூச்சு விடாத. புள்ளைக்கு நெஞ்சுல ஓட்டைன்னு பேர் வந்துட்டா யார் கட்டுவான்" என்றார். சீட்டு அம்மாவின் அரிசி டப்பாவுக்குள் போனது, அதன் பிறகு அதைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை. எனக்கு ஓட்டையும் இல்லை, கல்யாணமும் நடக்கவில்லை. அப்பாவைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. தேயிலை பறித்துக் கூலி வாங்கும் குடும்பத்தில், 1990-களில், கோயம்புத்தூர் போய் ஸ்கேன் எடுப்பது என்பது நடக்கிற காரியமா? இன்றைக்கு நிலைமை அப்படி இல்லை. 2013-லிருந்து பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பிறவிக் கோளாறுகளைப் பார்க்க அரசுத் திட்டம் இருக்கிறது. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் குழு வருகிறது. அந்தக் குழு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால், அது மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் படுமோ என்று பயந்து ஒளித்து வைக்காதீர்கள்.

கோயம்புத்தூரில் எக்கோ எடுத்தபோது டாக்டர் படம் வரைந்து காட்டினார். இதயத்திலிருந்து உடம்பு முழுவதற்கும் ரத்தம் வெளியேறும் வாசலில் இருப்பது அயோர்டிக் வால்வு. அதில் மூன்று இதழ்கள் இருக்க வேண்டும், எனக்கு இரண்டு. இதற்கு பைகஸ்பிட் வால்வு என்று பெயர். நூறு பேரில் ஒருவர் இருவருக்கு இது இருக்கிறது, பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். என் தொழில் பாஷையில் சொன்னால், மூன்று துண்டு வைத்துத் தைக்க வேண்டிய இடத்தில் இரண்டு துண்டை இழுத்துத் தைத்த மாதிரி. போட்ட அன்றே கிழியாது, ஆனால் இழுபடும் இடம் முதலில் நையும். இதழ்கள் வருடக் கணக்கில் தடித்து, சுண்ணாம்பு படிந்து, திறக்க முடியாமல் ஆகிவிடும். சாதாரணமாக 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் திறக்க வேண்டிய வாசல் எனக்கு 0.7 தான் திறந்தது. 1-க்குக் கீழே போனாலே கடுமையான சுருக்கம். மீன் கிரேடியன்ட் (வால்வுக்கு முன்னும் பின்னும் இருக்கும் ரத்த அழுத்த வித்தியாசத்தின் சராசரி) 52 என்று எழுதியிருந்தார்கள், 40 தாண்டினால் ஆபத்துக் கணக்கு. உங்கள் ரிப்போர்ட்டில் இந்த இரண்டு எண்களையும் தேடிப் பாருங்கள், பக்கத்தில் பீக் வெலாசிட்டி (வால்வு வழியாக ரத்தம் பாயும் உச்ச வேகம்) என்று ஒன்று இருக்கும், அது 4-ஐத் தாண்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். "ஈஎஃப் 60 இருக்கே, ஹார்ட் நல்லா அடிக்குதே" என்று யாராவது சமாதானம் சொன்னால் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். வாசல் அடைத்திருந்தாலும் இதயம் முக்கி முக்கி அடித்துக்கொண்டுதான் இருக்கும், அது களைத்துப் போகும் வரை.

சின்ன வயதில் தொண்டை வலி, காய்ச்சலோடு மூட்டு வீங்கியதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். நம் நாட்டில் வால்வு கெட்டது என்றால் முதல் சந்தேகம் ருமாட்டிக் காய்ச்சல் மேல்தான் போகும். எனக்கு அது இல்லை. மாத்திரையில் சரியாகுமா என்று கேட்டேன். அடைத்துப்போன வால்வைத் திறக்க மாத்திரை கிடையாது என்றார். இவ்வளவு சுருங்கி, மயக்கமும் நெஞ்சு இறுக்கமும் தொடங்கிய பிறகு அப்படியே விட்டால் சராசரியாக இரண்டு மூன்று வருடம்தான் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். கீழே வந்து காந்திபுரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்கு முதலில் தோன்றியது சாவு பயம் இல்லை. யூனிஃபார்ம் துணிக்குக் கொடுத்த அட்வான்ஸ்.

இனி பணக் கணக்கு. தனியாரில் கேட்ட தொகை என் பத்து வருட சேமிப்பைவிட அதிகம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்தான் காப்பாற்றியது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் வருடத்துக்கு 5 லட்சம் வரை. வால்வு மாற்று ஆபரேஷன் அதில் உண்டு. ஆனால் அந்த அட்டை நோய் வந்த பிறகு வாங்கப் போகிற அட்டை இல்லை. வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் பதிந்து, விஏஓ விசாரித்து, ஆர்ஐ பார்த்து, அது வந்த பிறகு ரேஷன் கார்டு, ஆதாரோடு ஊட்டி கலெக்டர் ஆபீஸுக்குப் போக வேண்டும். என் ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருந்தது, ரேஷன் கார்டில் இனிஷியல் மட்டும். அந்த ஒரு எழுத்துக்காக இரண்டு மூன்று வாரம் போனது. படியேறினால் மயங்கும் ஆள் கியூவில் நின்றேன். இதைப் படிப்பவர்களுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது என்றால் இந்த வாரமே வீட்டில் எல்லாருடைய ஆதாரையும் ரேஷன் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரை ஒப்பிட்டுவிடுங்கள். தகுதி உள்ளவர்கள் அட்டையையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் சேரும்போதே இந்தத் திட்டத்துக்கான கவுண்டர் எங்கே என்று கேட்டு அங்கே முதலில் போங்கள். முன் அனுமதி வந்த பிறகுதான் ஆபரேஷன் தேதி. முதலில் பணம் கட்டிவிட்டு அப்புறம் திட்டத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஆபரேஷனுக்கு நான் கைக்காசு கொடுக்கவில்லை. ஆனால் அதற்கு முன் எடுத்த டெஸ்ட்டுகள், போக்குவரத்து, கூட இருந்தவருக்கு ஆஸ்பத்திரி அருகே ரூம், சாப்பாடு, மூடிய கடைக்கு வாடகை என்று எழுபது எண்பதாயிரம் கரைந்தது. யூனிஃபார்ம் சீசன் முழுதாகப் போனது, அது தனி. வளையல் இன்னும் அடகில்தான் இருக்கிறது.

தனியாக இருக்கும் பெண்களுக்கு ஒரு விஷயம். "கூட யாரும்மா வந்திருக்காங்க?" என்று எல்லாக் கவுண்டரிலும் கேட்பார்கள். யாரும் இல்லை என்றால் அதற்கு மேல் பேச்சு நகராது. அண்ணனால் ஆபரேஷன் அன்றும் மறுநாளும்தான் இருக்க முடிந்தது. மீதி நாட்களில் கடையில் ஆரி வேலை செய்யும் பெண்ணும் அவள் அம்மாவும் மாற்றி மாற்றி இருந்தார்கள். ரத்தம் கொடுக்க ஆள் கேட்டார்கள். கோத்தகிரியிலிருந்து ஆளைக் கூட்டிக்கொண்டு போவது சுலபமில்லை. என் வாடிக்கையாளர் ஒருவரின் மகன் கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கிறான், அவன் நண்பர்களோடு வந்து கொடுத்தான். யார் இரவில் இருப்பார், யார் ரத்தம் தருவார், யாரிடம் கையெழுத்து என்று தேதி வாங்கும் முன்னாலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உதவி கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். நான் பிளவுஸ் தைத்துக் கொடுத்தவர்களிடம் போய் என் நெஞ்சைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது.

ஆபரேஷனுக்கு முன் பல் டாக்டரிடம் அனுப்பினார்கள். நெஞ்சுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன். சொத்தைப் பல்லில் இருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்து வால்வில் போய் உட்கார்ந்துவிடுமாம், செயற்கை வால்வில் அது உயிருக்கே ஆபத்து. இரண்டு பல்லைப் பிடுங்கிய புண் ஆறும் வரை தேதி தள்ளிப் போனது. வால்வு கோளாறு என்று தெரிந்த அன்றே பல்லைக் காட்டிவிட்டால் இந்தத் தாமதம் இருக்காது. நாற்பதைத் தாண்டியதால் ஆஞ்சியோவும் எடுத்தார்கள், ரத்தக் குழாயில் அடைப்பு இல்லை. சிடி ஸ்கேனில் வால்வுக்கு மேலே இருக்கும் பெருங்குழாயையும் அளந்தார்கள். இரண்டு இதழ் வால்வு இருப்பவர்களுக்கு அந்தக் குழாய் வீங்கிப்போவதும் உண்டு. எனக்கு 4 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கீழே. இப்போதைக்கு விடலாம், ஆனால் வருடா வருடம் அளக்க வேண்டும்.

பிறகு எந்த வால்வு என்ற கேள்வி. விலங்குத் திசுவில் செய்தது என்றால் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை தேவையில்லை, ஆனால் பத்துப் பதினைந்து வருடத்தில் நைந்து திரும்ப ஆபரேஷன் வரலாம். உலோக வால்வு உழைக்கும், ஆனால் மாத்திரை சாகும் வரை. "கால் வழியா வைக்கிறாங்களாமே, நெஞ்சை ஏன் பொளக்கணும்" என்று ஊரில் கேட்டார்கள். அது பெரும்பாலும் வயதானவர்களுக்கும் ஆபரேஷன் தாங்காதவர்களுக்கும், என் வயதுக்கு இல்லை என்றார் சர்ஜன். அடுத்து, "குழந்தை பெத்துக்கற எண்ணம் இருக்கா?" என்று கேட்டார். இந்த மாத்திரை வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும் என்பதால் கேட்டே ஆக வேண்டிய கேள்வி. நாற்பத்து மூன்று வயதில் அதற்கு "இல்லை" என்று சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. கல்யாணம், குழந்தை என்று யோசிக்கும் வயதில் இருக்கும் தங்கைகள் டாக்டர் கேட்காவிட்டாலும் தாங்களாகவே இதை எடுத்துப் பேச வேண்டும். எனக்கு உலோக வால்வு வைத்தார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவாகி, 1990-ல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்ட நம் நாட்டு வால்வு ஒன்று இருக்கிறது, சித்ரா வால்வு என்பார்கள். அதன் புண்ணியத்தில் ஏழைபாழைகள் எத்தனையோ பேர் நடமாடுகிறார்கள் என்று வார்டில் நர்ஸம்மா சொன்னார்.

ஐசியூவைப் பற்றி நிறையச் சொல்ல மாட்டேன், எனக்கு அதிகம் நினைவில்லை. தாகம் மட்டும் நினைவிருக்கிறது. தண்ணீர் தர மாட்டார்கள், நனைத்த பஞ்சால் உதட்டைத் தொடுவார்கள். மூன்று பந்து இருக்கும் ஒரு பிளாஸ்டிக் டப்பா தருவார்கள், நுரையீரல் விரிவதற்கு. எல்லாரும் அதை ஊதுவார்கள், நானும் ஊதினேன். ஊதக்கூடாது, உறிஞ்ச வேண்டும், பந்து அப்போதுதான் மேலே போகும். ஆபரேஷனுக்கு முந்தைய வாரமே அதை வாங்கி வீட்டில் பழகிக்கொண்டால் அங்கே வலியோடு கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. இருமல் வந்தால் ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இரும வேண்டும். ஊருக்குத் திரும்பும்போது கார்தான் எடுத்தோம், ஆனாலும் குஞ்சப்பனை தாண்டி வளைவுகளில் வாந்தி வந்துவிட்டது. ஆறாத நெஞ்செலும்போடு வாந்தி எடுப்பது எதிரிக்கும் வரக்கூடாது. மலைக்குத் திரும்புகிறவர்கள் வாந்திக்கு என்ன மாத்திரை போடலாம் என்று டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், காலியாக இல்லாமலும் வயிறு நிறையாமலும் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள், டிரைவரை மெதுவாகப் போகச் சொல்லுங்கள். எலும்பு ஒட்ட இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை குடம் தூக்குவது, கேஸ் சிலிண்டரை நகர்த்துவது, டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்குவது எதுவும் கூடாது.

உடம்பு தேறிக்கொண்டிருந்தபோதுதான் மனசு விழுந்தது. எதற்கென்று இல்லாமல் அழுகை வரும். இரவில் மழை ஓய்ந்து ஊர் அடங்கியதும் வால்வின் டிக் டிக் காதில் கேட்கும். வாய் திறந்தால் அதிகம் கேட்கும். மிஷின் நின்றுவிடுமோ என்று எண்ணிக்கொண்டே படுத்திருப்பேன். செக்கப்பில் சொன்னபோது, இந்த ஆபரேஷன் செய்தவர்களில் பலருக்கு இப்படி வரும், சில வாரத்தில் குறையும், குறையாவிட்டால் அதற்கும் டாக்டர் இருக்கிறார் என்றார்கள். முன்னாலேயே சொல்லியிருந்தால் எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்று பயந்திருக்க மாட்டேன். இப்போது அந்தச் சத்தம் கேட்காவிட்டால்தான் தூக்கம் வராது.

இனி வாழ்நாள் வேலை ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் அந்த மாத்திரைதான். தினமும் மாலை ஒரே நேரத்தில். மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போடக்கூடாது. ரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்க்க ஐஎன்ஆர் என்று ரத்தப் பரிசோதனை, எனக்கு 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். இங்கே ரத்தம் எடுத்துக் கீழே அனுப்புகிறார்கள். ஒருமுறை காரணமே இல்லாமல் எண் எகிறிவிட்டது. நீல மூடிக் குழாயில் கோடு வரை ரத்தம் நிரப்பாமல் பாதியில் எடுத்திருக்கிறார்கள், அப்படி எடுத்தால் கணக்கு தப்பாக வரும். இப்போது நானே எட்டிப் பார்த்து "கோடு வரைக்கும் எடுங்கம்மா" என்று சொல்கிறேன். கீரையே தொடாதே என்று ஊரே சொல்லும். டாக்டர் சொன்னது வேறு: கீரை, முட்டைக்கோஸ் சாப்பிடலாம், ஆனால் வாரத்துக்கு வாரம் ஒரே அளவில் இருக்கட்டும், ஒரு வாரம் விரதம் ஒரு வாரம் விருந்து என்று வேண்டாம். மூட்டு வலி, தலைவலிக்குக் கடையில் தரும் வலி மாத்திரைகளைக் கேட்காமல் போடக்கூடாது. காய்ச்சல் என்று போனால் இடுப்பில் ஊசி போட வந்துவிடுவார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த ஊசி உள்ளே ரத்தம் கட்ட வைக்கும், சதையில் போடும் ஊசி வேண்டாம் என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். பல் பிடுங்குவதற்கு முன் ஆன்டிபயாடிக் வேண்டும். பர்ஸில் ஒரு அட்டையில் "உலோக வால்வு, ரத்தம் உறையாமை மாத்திரை" என்று எழுதி வைத்திருக்கிறேன், 108-ல் வருபவர் கண்ணில் படட்டும் என்று.

யாருமே சொல்லாத ஒன்று மாதவிடாய். ஆபரேஷனுக்குப் பிறகு வந்த முதல் மாதமே பயந்துவிட்டேன், கடையில் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழ முடியவில்லை. ஆண் டாக்டரிடம் இதைச் சொல்லத் தயங்கி இரண்டு மாதம் ஓட்டினேன், ஹீமோகுளோபின் 8-க்கு இறங்கிவிட்டது. மாத்திரையை நாமாக நிறுத்தினால் வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும், அது பக்கவாதம் வரை போகும். அதனால் நிறுத்தவும் கூடாது, பொறுத்துக்கொண்டிருக்கவும் கூடாது. மகப்பேறு டாக்டரும் இதய டாக்டரும் பேசி வைத்தியம் செய்கிற பிரச்சினை இது, எனக்கு இப்போது கட்டுக்குள் இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்னாலேயே மகப்பேறு டாக்டர் ஒருவரைப் பார்த்துவிடுவது நல்லது.

இது குடும்பத்தில் ஓடும் நோய். கூடப் பிறந்தவர்கள், பெற்றவர்கள், பிள்ளைகள் எல்லாரும் ஒரு எக்கோ எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று டிஸ்சார்ஜ் தாளிலேயே எழுதிக் கொடுத்தார்கள். அண்ணன் எடுத்துவிட்டான், மூன்று இதழ்தான். எனக்கு ஒட்டிய ரத்தம் அவன்தான், அவனுக்கு இல்லாததால் அவன் பிள்ளைகளைப் பற்றிப் பெரிதாகக் கவலை வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். ஆனால் அண்ணன் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் யாரோ சத்தம் இருப்பதாகச் சொன்னது போன மாதம்தான் என் காதுக்கு வந்தது. அவளுக்கு இப்போது இருபத்தொன்று, கல்லூரி முடித்துவிட்டாள். அண்ணி எக்கோவுக்குச் சம்மதிக்கவில்லை, வரன் பேசிக்கொண்டிருக்கிறார்களாம், அது முடியட்டும் என்கிறார். நான் அவளிடமே நேராகப் பேசிவிட்டேன். அடுத்த மாதம் என் செக்கப்புக்கு நான் இறங்கும்போது அவள் திருப்பூரிலிருந்து கோயம்புத்தூர் வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். எக்கோ செலவு என்னுடையது.